நாம் எந்தப் பக்கம்?

சிங்கப்பூர் சென்று திரும்பும் நம் குடும்பத்தார் முன்பெல்லாம் அங்குள்ள கடைத்தெருவையும் கப்பல்துறையையும் பற்றித்தாம் பேசுவர். இப்பொழுது அவர்கள் பேச்சில் மற்றொன்றும் சேர்ந்திருக்கிறது. வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, இருபது பேர் பின்னே நடந்து, இரண்டாம் உலகப் போரின் தடங்களைப் பார்த்து வந்தோம் என்கின்றனர். ஃபோர்ட் கானிங் குன்றினுள் பூமிக்கடியில் அமைந்த அறைகளைக் கண்டோம் என்கின்றனர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் காலையில் ஆங்கிலத் தளபதி பெர்சிவல் சரணடைவதென முடிவு செய்தது அங்கேதான். அன்று மாலை கையெழுத்தான ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையையும், இரு நாள் கழித்து இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 45,000 பேர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட ஃபேரர் பூங்காவையும் கண்டோம் என்கின்றனர்.

அந்த நடையில் நம்மைக் கவர்ந்தது ஒன்றே. அவர்கள் காட்டுவது வெற்றியை அன்று, தோல்வியை. ஒரு பேரரசு தலை குனிந்த அறையைச் செப்பனிட்டு வைத்து, வருவோரை அழைத்துச் சென்று, யார் எங்கே பிழை செய்தார் என்று வாதிடுகிறார்கள்.

அங்கும் குறையில்லாமல் இல்லை. அதே பிப்ரவரி 15ஆம் நாள், 1915ஆம் ஆண்டில், அதே நகரில் ஐந்தாம் இலகு காலாட்படையின் முஸ்லிம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். துருக்கியரோடு போரிடத் தங்களை அனுப்பப் போகிறார்கள் என்ற ஐயம் அவர்களைப் பற்றியிருந்தது. கிளர்ச்சி அடங்கிய பின் 47 பேர் ஊத்ராம் சிறைச்சுவரின் முன்னே, மக்கள் கூடி நின்று பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். கிளர்ச்சியில் மாண்ட ஆங்கிலேயர்க்குத் தேவாலயத்தில் நினைவுப் பலகை உண்டு. சுவரோரம் நிறுத்தப்பட்டவர்க்கு அத்தகைய பலகை இல்லை. போர்த்தடங்களைக் காட்டும் எந்த நடையிலும் கல்லில் எழுதியிருப்பதைப் படிப்பது எளிது. எழுதாமல் விட்டதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

சிங்கப்பூரை விடுவோம். நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். சித்தையன்கோட்டையிலிருந்து செம்பட்டி வழியாகப் பேருந்தில் சென்றால் ஒரு மணி நேரத்திற்குள் திண்டுக்கல் வந்துவிடும். வயல்வெளிக்கு அப்பால் மொட்டைப் பாறையாய் நிற்கும் அம்மலையைக் காணாமல் வளர்ந்த பிள்ளை நம் பகுதியில் இல்லை. ஏறிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சிங்கப்பூரில் சீட்டு வாங்கிக்கொண்டு சுரங்க அறைக்குள் இறங்கியவர்களில் பலர் இந்தப் பாறையின் படிகளில் கால் வைத்ததில்லை. இது நமக்கு உறுத்தவே, அண்மையில் நம் ஊர்க் குடும்பங்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு, பெண்களும் பிள்ளைகளுமாகப் புறப்பட்டோம். நகரின் வரலாற்று இடங்களை நடத்திக் காட்டுவதற்கு ஒரு வழிகாட்டியையும் அமர்த்திக்கொண்டோம்.

வழிகாட்டி நல்ல பேச்சாளர். குரலும் எடுப்பான குரல். பாறையில் செதுக்கிய படிகளில் நிறுத்தி நிறுத்தி, முதியோர் மூச்சு வாங்க இடங்கொடுத்து, மதுரை நாயக்கர் காலத்தில் முத்துக்கிருஷ்ணப்பர் கோட்டை எழுப்பிய செய்தியையும் திருமலை நாயக்கர் அதனை வலுப்படுத்திய செய்தியையும் குறைவறச் சொன்னார். வெடிமருந்துக் கிடங்கின் அருகே வந்ததும் அடுத்த நூறாண்டை ஒரே வாக்கியத்தில் முடித்தார்: பிறகு முஸ்லிம்கள் பிடித்துக்கொண்டார்கள், அதன் பிறகு வெள்ளைக்காரர்கள் மீட்டார்கள்.

மீட்டார்கள்! எவரிடமிருந்து எவருக்காக மீட்டார்கள்? அவர் பகைமையோடு அதைச் சொல்லவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பள்ளிப் புத்தகமும் மேடைப் பேச்சும் கொடுத்த சொல்லை அவர் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவே. ஆனால் நம் கூட்டத்திலிருந்த இளைஞர் ஒருவர் பொறுக்கவில்லை. ஹைதர் அலீ இங்கே தோல்வியே கண்டதில்லை என்றும், அவர் காலத்தில் இந்நாட்டில் ஒருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை என்றும், நாமெல்லாம் அக்குதிரைப் படையின் வழி வந்தவர்கள் என்றும் உரத்துச் சொன்னார். நம்மவர் சிலர் தலையசைத்தனர். அப்பொழுதுதான் எட்டோ ஒன்பதோ வயதுடைய சிறுமி ஒருத்தி தன் தந்தையின் கையைப் பிடித்து இழுத்து, "அத்தா, சண்டையிலே நாம எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். தந்தை விடை சொல்லவில்லை. வழிகாட்டியும் சொல்லவில்லை. நாமும் அப்பொழுது சொல்லவில்லை. அந்த வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை.

வழிகாட்டியின் வாக்கியம் பொய். நம் இளைஞரின் வாக்கியமும் அதே அளவுக்குப் பொய். இரண்டும் ஓர் அச்சில் வார்த்தவை. போரிட்டவை இரு மதங்கள் என்று கொள்ளும் அச்சு அது.

நடந்ததைப் பாருங்கள். 1755ஆம் ஆண்டு மைசூர் அரசின் பௌஜ்தாராக ஹைதர் திண்டுக்கல்லுக்கு வந்தார். அப்பொழுது அவர் மன்னர் அல்லர். ஓர் இந்து அரசரின் ஊழியர். பிரெஞ்சுப் பொறியாளர்களைக் கொண்டு இங்கே படைக்கலச் சாலை அமைத்தார். பழனி, விருப்பாட்சி முதலிய பாளையங்களின் மீது படை நடத்திக் கப்பம் வாங்கினார். பல பாளையங்களைப் பறித்தும் கொண்டார். அந்தப் படையெடுப்பில் எரிந்த ஊர்களின் மக்களிடம், குறையொன்றும் இல்லை என்று நம் இளைஞர் சொல்லியிருக்க முடியுமா? வில்க்ஸ் என்னும் ஆங்கிலேயர் தம் மைசூர் வரலாற்றில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். காயமுற்றவர்க்கு அரசு உதவித்தொகை தந்த காலம். உண்மையில் காயமுற்றவர் 67 பேர். ஹைதரோ மஞ்சள் தோய்த்த துணிக்கட்டுகளோடு 700 பேரைக் காட்டிப் பணம் வாங்கினாராம். பகைவரின் பேனா எழுதியது என்று தள்ளிவிடலாம். தள்ளுவதற்கு முன் படித்திருக்க வேண்டுமல்லவா?

இனி அச்சிறுமியின் கேள்விக்கு வருவோம். 1757ஆம் ஆண்டு ஹைதர் திண்டுக்கல்லிலிருந்து இறங்கிச் சோழவந்தான் பக்கம் சூறையாடியபொழுது, நத்தம் கணவாயில் அவரை எதிர்த்து முறியடித்தவர் யார்? கம்பெனியின் தளபதியாக இருந்த முகம்மது யூசுப் கான். நம் மக்கள் கான் சாகிபு என்று போற்றும் அதே மனிதர். நத்தம் நம் மாவட்டத்து ஊர். இருபுறமும் தலைவர் முஸ்லிம். யூசுப் கானின் கீழ் நின்ற சிப்பாய்களில் எல்லாச் சாதியாரும் உண்டு. ஹைதரின் கீழும் அப்படியே. ஏழாண்டு கழித்து, 1764 அக்டோபர் 15ஆம் நாள், அந்த யூசுப் கானை மதுரையில் தூக்கிலிட்டவர்கள் அவர் எவர்க்காக ஹைதரை வென்றாரோ அந்தக் கம்பெனியாரும், ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலீயுமே ஆவர். தூக்கில் ஏறியவரும் முஸ்லிம். ஏற்றியவர்களில் ஒருவரும் முஸ்லிம். இதில் நாம் எந்தப் பக்கம் என்று அந்தத் தந்தை எப்படிச் சொல்வார்?

நம் பகுதியில் ராவுத்தர் என்னும் பட்டத்தைப் பெயரோடு வழங்குவோர் மிகுதி. குதிரை வீரரைக் குறிக்கும் சொல் அது என்று மார்தட்டுகிறோம். அக்குதிரை வீரர்கள் யாருடைய படையில் நின்றார்கள் என்பதை மட்டும் கேட்பதில்லை. ஹைதர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே பாண்டியர்க்கு அரபுநாட்டுக் குதிரைகளை இறக்கித் தந்தவர்கள் முஸ்லிம்கள். விசயநகர வேந்தர் தம் படையிலும் முஸ்லிம் வீரரைச் சேர்த்திருந்தனர். இந்தக் கோட்டையின் மதிலுக்கு உள்ளேயும் நம் முன்னோர் நின்றிருப்பர், வெளியேயும் நின்றிருப்பர்.

மலையுச்சியில் ஒரு பழைய கோயில் இருக்கிறது. கற்றூண்களோடு இன்றும் நிற்கிறது. அதனைப் பற்றி வழிகாட்டி ஏதோ சொல்லத் தொடங்கி, நம் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நம்மைப் புண்படுத்தக்கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். ஆயினும் அந்த மௌனம் நமக்கு வேண்டாம். சொல்லட்டும், சான்றைக் கேட்போம், சான்றிருந்தால் ஏற்போம். கேட்கத் திராணியற்ற சமுதாயத்தின் முதுகுக்குப் பின்னால்தான் கதைகள் வளர்கின்றன.

தோல்வியே இல்லை என்றாரே நம் இளைஞர், அதையும் பார்ப்போம். 1767இல் ஆங்கிலேயர் இக்கோட்டையைப் பிடித்தனர். மறு ஆண்டு ஹைதர் திரும்பப் பெற்றார். 1783இல் மீண்டும் போயிற்று. மங்களூர் உடன்படிக்கையால் 1784இல் திப்புவுக்கு மீண்டது. 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட் முற்றுகையிட்டார். அவர் ஏவிய தாக்குதலைக் கோட்டைக் காவலர் முறியடித்தனர். வென்ற அந்த இரவிலேயே காவலரில் பெரும்பாலோர் கலைந்து போயினர். விடிந்ததும் கோட்டை வெள்ளைக் கொடி காட்டிற்று. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. சிங்கப்பூர்க்காரர் தம் சரணாகதி அறையைக் காட்டுகிறார்களே, நாம் அந்த வெள்ளைக்கொடி ஏறிய மதிலைக் காட்டினால் என்ன? வென்ற பின் ஏன் ஓடினார்கள் என்ற கேள்வியில் பிள்ளைகள் கற்பது, நூறு வெற்றிப் பாட்டுகளில் கற்பதைவிட அதிகம்.

"மீட்டார்கள்" என்ற சொல்லுக்கும் விடை மலைக்குக் கீழேயே இருக்கிறது. 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைக் கம்பெனியும் நவாபும் கொன்ற பின், வேலு நாச்சியார் ஓடி வந்து புகலடைந்தது விருப்பாட்சியில். ஹைதர் ஒரு காலத்தில் அடக்கிய அதே விருப்பாட்சி! அங்கிருந்தபடி அவர் படை வேண்டியது ஹைதரிடம். அந்த உதவியோடுதான் 1780இல் சிவகங்கையைத் திரும்பப் பெற்றார். திப்பு வீழ்ந்த 1799க்குப் பின்னர், விருப்பாட்சிக் கோபால நாயக்கர் தலைமையில் திண்டுக்கல் வட்டாரத்துப் பாளையக்காரர் ஒன்றுகூடினர். அக்கூட்டணியில் கவுண்டர்களும் இருந்தனர். முகம்மது ஹாஷம் போன்ற முஸ்லிம்களும் இருந்தனர். கோயம்புத்தூரிலிருந்த கம்பெனிப் படையைத் தாக்க அவர்கள் குறித்த நாள் 1800 ஜூன் 3. அது ஹிஜ்ரி 1215 முஹர்ரம் மாதம். ஆஷூரா நாளை ஒட்டிய வேளை. திட்டம் பிழைத்தது. பிடிபட்டவர் பலர் தூக்கிலிடப்பட்டனர். கோபால நாயக்கரும் 1801இல் தூக்கிலேறினார்; அவர் மாண்ட இடமே திண்டுக்கல் கோபாலசமுத்திரம் என்று நகரத்தார் வழங்குவர். நம் வழிகாட்டி அந்தக் குளக்கரை வழியாகத்தான் எங்களை அழைத்து வந்தார். ஒரு சொல் சொல்லவில்லை. மீட்டவர்கள் யாரைத் தூக்கிலிட்டார்கள் என்று அந்தக் கரையில் நின்று கேட்டிருக்க வேண்டும். எங்களுக்கும் தோன்றவில்லை; வேனில் ஏறும் அவசரம்.

பேகம்பூரையும் அவர் காட்டவில்லை. ஹைதரின் தங்கை என்று ஊர் சொல்லும் அமீருன்னிஸா பேகத்தின் பெயரால் அமைந்த பகுதி. பெரிய பள்ளிவாசலும் அங்கே உண்டு. தொழுகைக்கு அங்கே செல்லும் நம்மவரில், எதிரே தெரியும் கோட்டையோடு அதனை இணைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்பவர் எத்தனை பேர்? வழிகாட்டியை மட்டும் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

மாண்ட மன்னர் கதை நமக்கெதற்கு, இம்மைக்கும் மறுமைக்கும் பயன் என்ன என்று கேட்கும் பெரியவர்களை நாம் அறிவோம். பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோர்க்கு நேர்ந்த முடிவைப் பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் பணிக்கிறது. அப்பணி மக்கத்துப் பயணத்தோடு முடிவதன்று. இப்னு கல்தூன் 1377இல் தம் முகத்திமாவை எழுதப் புகுந்தபொழுது, முதலில் கண்டித்ததே படை எண்ணிக்கையை ஆராயாமல் பெருக்கிச் சொல்லும் வரலாற்றாசிரியர்களைத்தான். அவர் நம் சமுதாயத்தின் அறிஞர் என்று மேடையில் பெருமை பேசுவோம். அவர் கேட்ட கேள்வியை மட்டும் கேட்கமாட்டோம்!

ஆகவே நாம் கேட்பது இது. திண்டுக்கல் வட்டாரத்து ஜமாஅத்துகளும் நம் பள்ளிக்கூடங்களும் தாமே இந்த நடையை நடத்தப் பழக வேண்டும். பேகம்பூரில் காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் கோட்டைக்குச் சென்று, இறங்கிக் கோபாலசமுத்திரத்தில் முடிக்கலாம். கால் வலுவுள்ளவர்க்கு அரை நாள் போதும். நம் பிள்ளைகளை மட்டும் அழைக்க வேண்டாம். நாயக்கர் வீட்டுப் பிள்ளையும் கவுண்டர் வீட்டுப் பிள்ளையும் வரட்டும். அவர்கள் பாட்டன் கதையும் அதே பாறையில்தான் இருக்கிறது. சொல்பவர் நத்தத்தில் ஹைதர் தோற்றதைச் சொல்லட்டும். பழனிப் பாளையம் பட்ட பாட்டைச் சொல்லட்டும். மஞ்சள் துணிக்கட்டையும் சொல்லட்டும். இவற்றை விட்டுவிட்டு வெற்றியை மட்டும் சொல்வதாக இருந்தால் அந்த வழிகாட்டியையே மறுபடியும் அமர்த்திக்கொள்ளலாம். அவருக்குக் குரலாவது நன்றாயிருக்கிறது.

ஊர் திரும்பிய மறுநாள் அச்சிறுமியின் தந்தை நம்மைத் தேடி வந்தார். மகள் இரவு முழுதும் விடவில்லையாம். மேலே எழுதியவற்றை அவரிடம் சொன்னோம். நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, "நத்தத்துக்கு இங்கேயிருந்து எந்தப் பஸ்?" என்று கேட்டார். திண்டுக்கல் சென்று மாற வேண்டும் என்றோம்.