பாறை அல்ல, உயிர்

கேமன் தீவுகளில் சொகுசுக் கப்பல்களுக்குத் துறைமேடை கட்டலாமா என்று 2025 ஏப்ரல் 30 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையோர் வேண்டாம் என்றனர். உடனே அவர்களை வளர்ச்சியின் எதிரிகள் என்று ஏசுவது எளிது; ஆனால் அது நியாயமன்று.

தலைநகர் ஜார்ஜ் டவுனில் பெருங்கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிடுகின்றன. பயணிகள் சிறு படகுகளில் கரையேறி, சில மணிநேரம் சுற்றி, முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து பவளப்பாறைகளின் மேல் மிதந்து களித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தச் சிறு படகுப் பயணத்தின் சிரமத்தைத் தவிர்க்க, கடலடியைத் தோண்டவும் திட்டமிட்டது 2019இல் பேசப்பட்ட துறைமேடைத் திட்டம். பவளங்களைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுவிடலாமாம்!

‘பாறை’ என்னும் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. அது எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. மூளைப்பவளம் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. இயந்திரத்துக்கோ ஒரு பகல் போதும்.

டாக்சி ஓட்டுநர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் கப்பல்களே பிழைப்பு என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், விருந்தாளி எதைக் காண வருகிறாரோ அதையே இடித்து அவருக்கு வாசல் கட்டினால், அந்தப் பிழைப்புதான் எத்தனை நாள் நிலைக்கும்?