‘ட்ரூ’ன்னு பேர் வச்சா உண்மை ஆயிடுமா?



போன இதழில் பாதிப் பேர் மரம் வளர்ப்பு பற்றித்தான் எழுதியிருந்தீங்க. நான் கிட்டார் பெடல் பற்றி எழுதுறேன். சிரிக்காதீங்க. காலால் மிதிச்சா கிட்டார் சத்தத்தை மாத்துற சின்னப் பெட்டிதான் பெடல். திருவிழாக் கச்சேரியில் வாசிக்கிற எங்க மாமாகிட்ட அஞ்சு இருக்கு. அதில் மூணை வித்துட்டு, மேல கொஞ்சம் வட்டிக்கு வாங்கி, ‘ட்ரூ பைபாஸ்’ பெடலா வாங்கப் போறேங்கிறார். வேற குழுவில் இருக்கிற ஒரு அண்ணன், “பஃபர் உள்ள பெடல் கிட்டாரோட உயிரையே எடுத்துடும்”னு சொல்லிட்டாராம். கூடவே கூடாது என்பது என் கருத்து. காரணம் சொல்றேன்.

பெடலை அணைச்சு வச்சாலும் கிட்டார் சத்தம் அதுக்குள்ள புகுந்துதான் ஆம்புக்குப் போகணும். ட்ரூ பைபாஸ் பெடலில் அது சர்க்யூட்டைத் தொடாம, சுவிட்சின் உலோக முனை வழியா நேரா வெளியே போயிடும். பஃபர் பெடலில், அணைச்சிருந்தாலும் ஒரு சின்ன சர்க்யூட்டைத் தாண்டித்தான் போகும். கேட்டதும் முதலாவதுதான் சுத்தம்னு தோணும். அங்கதான் ஏமாந்துடறாங்க.

கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. அதிலிருந்து வர்ற மின்சாரம் ரொம்ப பலவீனமானது. கேபிளோ சும்மா கிடக்கிற கம்பி இல்லை. நடுக் கம்பிக்கும் மேல் வலைக்கும் இடையில் அது ஒரு மின்தேக்கி. ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். கிட்டாரிலிருந்து பெடலுக்கு 6 மீட்டர், பெடலிலிருந்து ஆம்புக்கு 6 மீட்டர்னா 1,200. நீளம் கூடக் கூட ட்ரெபிள் செத்துப் போகும். சின்னப் பிள்ளை தண்ணிக் குடம் தூக்குற மாதிரிதான். பக்கத்து வீடுன்னா சரி, ஊர்க்கோடின்னா பாதி வழியிலேயே சிந்திடும்.

பஃபர் என்பது நடுவில் குடத்தை வாங்கிக்கிற பெரிய அக்கா. சத்தத்தைக் கூட்டாது, தூக்குற தெம்பைக் கொடுக்கும். உள்ளே வர்ற பக்கம் சுமார் 10 லட்சம் ஓம், அதனால பிக்கப்புக்குப் பாரம் இல்லை. வெளியே போற பக்கம் ஆயிரம் ஓம் அளவுதான், அதனால மீதிக் கேபிளை எளிதாத் தள்ளிடும். மின்தடை பாடம் படிச்சவங்களுக்கு இது புரியும். அஞ்சு பெடலும் ட்ரூ பைபாஸா இருந்து எல்லாமே அணைஞ்சிருந்தா, பாவம் அந்தப் பிக்கப் ஒண்ணே மொத்தக் கேபிளையும் தூக்கணும்.

நம்பாதவங்களுக்காக நானும் மாமாவும் வீட்டிலேயே செஞ்சு பார்த்தோம். முதலில் ட்ரூ பைபாஸ் பெடல் ரெண்டை மட்டும் நீளக் கேபிளில் மாட்டினோம். போர்வைக்குள்ளேயிருந்து பேசுற மாதிரி கேட்டுது. அப்புறம் விக்கப் போற பஃபர் பெடல் ஒண்ணை முன்னால் சேர்த்தோம். அதை மிதிக்கவே இல்லை, சும்மா வச்சதுக்கே கம்பி பளிச்சுன்னு கேட்டுது! அத்தை சமையல்கட்டிலிருந்து “கம்பி மாத்துனீங்களா?”ன்னு கேட்டாங்க.

ட்ரூ பைபாஸுக்கு நல்ல பேர் வந்ததிலும் நியாயம் இருக்கு. 1960களில் வந்த வா பெடல்களில், அணைச்ச பிறகும் சர்க்யூட்டின் முன்பகுதி கிட்டாரோட ஒட்டிக்கிட்டே இருந்து சத்தத்தை உறிஞ்சிடும். பஃபரும் இல்லை, முழுசா விலக்குறதும் இல்லை. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ட்ரூ பைபாஸ் ஆசை. ஆனா 1977-லிருந்து சின்னப் பெடல் செய்யுற ஜப்பானின் பாஸ் நிறுவனம் பஃபரை விடலை. 2014-ல் கொண்டுவந்த விலை கூடின வாசா வரிசையிலும் நல்ல பஃபரைத்தான் வச்சாங்க. பிங்க் ஃபிளாய்ட் டேவிட் கில்மருக்குப் பெடல் பலகை செஞ்ச இங்கிலாந்துக்காரர் பீட் கார்னிஷும் ட்ரூ பைபாஸை எதிர்த்தவர்தான். இவங்களுக்குத் தெரியாததா அந்த அண்ணனுக்குத் தெரிஞ்சிருச்சு?

பஃபரிலும் குறை உண்டு. பேட்டரி தீர்ந்தா அது ஊமை ஆயிடும், ட்ரூ பைபாஸ் பெடலோ அணைச்சிருந்தா அப்பவும் வழி விடும். பாட்டு நடுவில் இது சின்ன விஷயம் இல்லை. மட்டமான பஃபரை வரிசையா பத்து வச்சா இரைச்சலும் சேரும். 1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸ் மாதிரிப் பெடலுக்கு முன்னால் பஃபர் வச்சா சத்தம் கரகரன்னு ஆயிடும். அதுக்கு நேரா கிட்டார்தான் வேணும்.

அதனால என் யோசனை இதுதான். ஃபஸ் இருந்தா அது முதலில், அடுத்து நல்ல பஃபர் பெடல் ஒண்ணு, மீதி எதுவா இருந்தாலும் சரி. மாமாகிட்ட ஃபஸ் இல்லை, பஃபர் ஏற்கெனவே மூணு இருக்கு. அவர் வாங்க வேண்டியது புதுப் பேட்டரியும் நாலு மீட்டர் கேபிளும்தான். அதுக்கு யார்கிட்டயும் வட்டிக்குப் போக வேண்டாம்.

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி