‘நரம்பு ஊசி’ எத்தனை நாள் தாங்கும்?

மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்கே தாராவி. அங்கு வாழும் நெல்லைத் தமிழருக்கு ‘நரம்பு ஊசி’ என்றால் இரத்தக்குழாயில் போடும் ஊசி. (யாழின் தந்தியையும் நரம்பு என்றே வழங்கிய மொழி இது, சொல்லின்மீது குற்றமில்லை.) கணையப் புற்றுநோயின் வயிற்றுவலியைத் தணிக்க, வயிற்றின் ஆழத்திலுள்ள செலியாக் நரம்புப் பின்னலைச் சுற்றி ஆல்கஹால் செலுத்தும் சிகிச்சையையும் அதே பெயரால் சொன்னால், குளுக்கோஸ் ஏற்றுவது போன்ற ஒன்றென்றே குடும்பத்தார் கொள்வர். சம்மதப் படிவத்தில் கைநாட்டும் விழுந்துவிடும்.

‘பிளாக்’ என்ற சொல்லும் உதவுவதில்லை. மரப்பு மருந்து மட்டும் செலுத்தினால் பலன் சில மணி நேரமே. ஆல்கஹால் நரம்பிழைகளைச் சிதைப்பதால் பலன் பெரும்பாலும் சில மாதங்கள் நீடிக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர். சோதனை ஊசியின் பலன் மறுநாள் தீர்ந்தால் ‘சிகிச்சை பொய்த்தது’ என்பர். ‘நிரந்தரம்’ என்று கேட்டு வந்தவர், நான்காம் மாதம் வலி திரும்பும்போது ஏமாற்றப்பட்டதாக எண்ணுவர். இழைகள் மீண்டும் வளரலாம், நோய் பின்னலைத் தாண்டிப் பரவலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

1995இல் ஐசன்பெர்க் குழுவினர் 24 ஆய்வுகளில் இருந்த 1145 நோயாளிகளின் தரவைத் தொகுத்தனர். முதல் இரண்டு வாரங்களில் 89 விழுக்காட்டினருக்கு நல்ல நிவாரணம். மூன்று மாதத்தில் உயிரோடிருந்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு ஓரளவேனும் நிவாரணம். ‘உயிரோடிருந்தவர்களில்’ என்ற அந்த ஒரு சொல்லே வாக்கியத்தின் உயிர். மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்வதும் அதுவே. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. 2004இல் மேயோ மருத்துவமனையினர் 100 பேரிடம் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வில் வலி குறைந்தது உண்மை. ஆனால் மார்பீன் வகை மருந்தின் தேவை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, ஆயுளும் நீளவில்லை. ஆகவே ‘இனி மாத்திரை வேண்டாம்’ என்பதும் பொய் வாக்குறுதியே.

இவ்வெண்கள் ஏழைகளுக்குப் புரியா என்பது படித்தவர்களின் வசதியான வாதம். சீட்டுப் பணத்தையும் தோல் பட்டறையின் துண்டுக்கூலியையும் மனக்கணக்கில் போடுபவர்களுக்கா மூன்று மாதக் கணக்கு புரியாது? இந்தி ஓரளவு தெரிந்த பேரனை மொழிபெயர்ப்பாளனாக நிறுத்திவிட்டு, புரியவில்லை என்று பழி சுமத்துவது நியாயமன்று. எத்தனை வாரம் என்று தெரிந்தால்தான், வலி அடங்கியிருக்கும் நாள்களில் ஊருக்கு ரயில் ஏறுவதா, மாஹிமிலேயே இருப்பதா என்று அந்தப் பாட்டி முடிவெடுக்க முடியும்.