மாதுளை சாப்பிட்டால் முதுமை தள்ளிப்போகுமா?

“முன்னெல்லாம் மூணு மாடி ஏறுவேன். இப்போ முதல் மாடியிலேயே கால் கெஞ்சுது...” - அறுபதைக் கடந்த பலரும் சொல்வது இது. இந்தச் சோர்வைக் குறிவைத்து ‘மைட்டோகாண்ட்ரியாவைப் புதுப்பிக்கும்’ என்ற விளம்பரத்தோடு மாத்திரைகள் ஆன்லைனில் விற்கப்படுகின்றன. வாங்கலாமா?

சாப்பாட்டில் கிடைக்கும் சத்தை ஆற்றலாக மாற்றுவது செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அவற்றில் பழுதானவற்றை செல்லே உடைத்து அப்புறப்படுத்திவிடும். வயது ஏற ஏற இந்தத் துப்புரவு வேலை மந்தமாகிறது. தசைகள் சீக்கிரம் களைத்துப்போக இதுவும் ஒரு காரணம்.

இந்த வேலையைத் தூண்டிவிடும் பொருளாகப் பேசப்படுவது ‘யூரோலித்தின் ஏ’. இது மாதுளையில் நேரடியாக இல்லை. மாதுளை, வால்நட் போன்றவற்றில் உள்ள எலாஜிடானின் என்ற சத்திலிருந்து, நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இதைத் தயாரிக்கின்றன. அந்த பாக்டீரியாக்கள் எல்லோர் குடலிலும் இருப்பதில்லை. அதனால், ஒரே வீட்டில் ஒரே ஜூஸைக் குடித்தாலும் ஒருவருக்குக் கிடைப்பது இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2016-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் யூரோலித்தின் ஏ கொடுத்தபோது, ஒருவகை நுண்புழுக்களின் ஆயுள் 45 சதவிகிதம் கூடியது. வயதான எலிகள் கூடுதல் தூரம் ஓடின.

மனிதர்களிடம் கிடைத்த பலன் அவ்வளவு பெரிதல்ல. 65 வயதைத் தாண்டிய 66 பேரிடம் நான்கு மாதங்கள் நடத்தப்பட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. தினமும் 1,000 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கை, கால் தசைகள் களைப்படையாமல் இயங்கும் திறன் கூடியது. ஆனால், ஆறு நிமிடங்களில் நடக்கும் தூரத்தில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. ஆய்வுக்கு நிதி அளித்தது, இந்தப் பொருளைத் தயாரிக்கும் நிறுவனமே.

செலவில்லாத வழி

உடற்பயிற்சி மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். 1967-லேயே அமெரிக்க விஞ்ஞானி ஜான் ஹொலோசி, எலிகளை ஓடவிட்டு இதைக் காட்டினார். மனிதர்களிடமும் பின்னர் இது உறுதியானது. வேகநடை, சைக்கிள், படி ஏறுவது... எதுவானாலும் தொடர்ந்து செய்ய வேண்டும்.

மாதுளையைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஜூஸாக வடிகட்டாமல் முத்துகளாகவே சாப்பிட்டால் நார்ச்சத்தும் சேரும். சர்க்கரை நோயாளிகள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வேறு மருந்துகள் எடுப்பவர்கள் அவரைக் கேட்காமல் எந்தச் சத்து மாத்திரையையும் தொடங்க வேண்டாம்.

திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்!