சாட்சி எங்கே என்று கேட்கும் சபைகள்

தோழர்களே,

கோயிலுக்குள் நடக்கும் அட்டூழியத்தை எழுதினால் நம்மாட்கள் கை தட்டுகிறார்கள். சபைக்குள் நடப்பதை எழுதப் போகிறேன் என்றால் குரலைத் தாழ்த்துகிறார்கள். 'கிறிஸ்தவங்கள அடிக்கிறவனுக்கு நாமளே கல்லெடுத்துக் குடுக்கணுமா?' கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த நியாயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவன் யார்?

ஆஸ்திரேலியாவில் சிறார் மீதான பாலியல் வன்முறையை விசாரித்த அரச ஆணையம் 2015இல் யெகோவாவின் சாட்சிகள் சபையின் கோப்புகளைத் திறந்தது. 1950 முதல் 1006 பேர் மீது புகார்கள். ஒருவரைப் பற்றிக்கூட சபை போலீசுக்குச் சொல்லவில்லை. குற்றவாளி ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது மூப்பர்களின் சட்டம். இருட்டில் ஒரு குழந்தைக்கு நடந்ததற்கு இரண்டாவது சாட்சி எங்கிருந்து வரும்? சபையை விட்டுப் போனால் பெற்றவர்களே முகம் பார்க்க மாட்டார்கள். ஊர்விலக்கம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'சாட்சி இருக்கா?' என்பதும் நமக்குப் பழகிய கேள்விதான். காவல் நிலையத்தில் நம் பெண்கள் காலங்காலமாகக் கேட்டது. 1992இல் வாச்சாத்தியின் 18 பழங்குடிப் பெண்கள் சொன்னதை அரசு நம்ப மறுத்தது. 2011இல்தான் நீதிமன்றம் குற்றவாளிகளைத் தண்டித்தது. அந்தப் பெண்களின் சொல்லை நம்பு என்று தெருவில் கத்திய நாம், நம் வீட்டுக் குழந்தை சொன்னால் மட்டும் மூப்பரைக் கேட்கப் போவதா?

என் துணைவி விசுவாசி. அவங்க போகிற சபை வேறு. பெயர் இங்கே வேண்டாம். ஆஸ்திரேலியக் கதையைச் சொன்னபோது அவங்க கேட்டது இது: 'ஊர்ல எங்கம்மாவ வாசலுக்கு வெளியதான் நிக்க வச்சாங்க. சபையிலதான் சிஸ்டர்னு கூப்பிட்டு நாற்காலி போட்டாங்க. அதையும் புடுங்கப் பாக்குறீங்களா?'

இதற்கு 'நீ மூடநம்பிக்கைக்காரி' என்று பதில் சொல்வது பகுத்தறிவல்ல, ஆம்பளைத் திமிர். அந்த நாற்காலி பொய்யில்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு வாடகையாக ஒரு குழந்தையின் வாயைக் கட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், கடவுள் உண்டா இல்லையா என்பதிலிருந்து அல்ல.

அவங்க புத்தகத்திலேயே வழி இருக்கிறது. இரண்டு சாட்சி என்பது உபாகமம் 19இல் வருகிறது. அதே உபாகமம் 22இல், வயல்வெளியில் பலவந்தம் செய்யப்பட்ட பெண்ணிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை. அவள் கூப்பிட்டிருப்பாள், காப்பாற்ற ஆளில்லை, அவள் மேல் பாவமில்லை என்கிறது. ஆணையத்தின் வழக்கறிஞர் அந்தச் சபையின் ஆளும் குழு உறுப்பினரிடமே இந்த வசனங்களைக் காட்டிக் கேட்டார். இதை நான் வாசித்துக் காட்டியபோது துணைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, 'சின்னப் புள்ள பொய் சொல்லுமா' என்றாங்க. சபைக்கு இன்னும் போகிறாங்க. போகட்டும். அந்த ஒரு வாக்கியத்தோடு போகிறாங்க, அதுதான் முக்கியம்.

2012இன் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவு தெளிவானது. குழந்தைக்கு நடந்தது தெரிந்தவர் யாரானாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை சிறை. பாஸ்டருக்கும் பூசாரிக்கும் மௌல்விக்கும் இதில் விலக்கில்லை. ஜெபம் பண்ணித் தீர்த்துக்கொள்கிறோம் என்பது சட்டத்தில் இல்லை. 1098 என்ற எண்ணை ஒவ்வொரு காலனிக் குழந்தையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

நம்மை அடிக்க வருகிறவனுக்குக் கல்லெடுத்துக் கொடுப்பது உண்மையைச் சொல்கிறவர் அல்ல, மூடி மறைக்கிறவர். சேரியின் மானம் மூப்பரின் பெயரில் இல்லை. நம் பிள்ளைகளின் உடம்பில் இருக்கிறது.

மாணவத் தோழர்களே, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவிடம், அக்காவிடம் உட்கார்ந்து பேசுங்கள். வெல்வதற்காக அல்ல. நாளைக்கு ஒரு குழந்தை வாய் திறந்தால், அந்த வீட்டில் கேட்க ஒரு காது இருக்க வேண்டும் என்பதற்காக.

தோழமையுடன்,
ஆசிரியர்