எழுத்தைத் தேடுவோம், பொருளையும் தேடுவோம்



நியூ ஜெர்சியில் வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் நாள்தோறும் காலையில் ஒரு சொல் விளையாட்டு நடைபெறுவதைக் கண்டுள்ளேன். நியூ யார்க் டைம்ஸ் நாளிதழ் வழங்கும் 'ஸ்பெல்லிங் பீ' என்னும் புதிரே அது. ஏழு ஆங்கில எழுத்துகள் தரப்படும். அவற்றைக் கொண்டு சொற்களை ஆக்குதல் வேண்டும். நடுவில் நிற்கும் எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் இடம்பெற வேண்டும். எழுத்துகள் மீண்டும் வரலாம். நான்கெழுத்திற்குக் குறைந்த சொல் ஏற்கப்படமாட்டாது. ஏழெழுத்தும் அமைந்த சொல்லைக் கண்டவர்க்குச் சிறப்புப் புள்ளிகள் உண்டு. நம் பிள்ளைகள் இதிற் காட்டும் வல்லமை வியப்பிற்குரியது.

"இத்தகைய விளையாட்டு ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, ஐயா! தமிழில் மனப்பாடம் மட்டுந்தானே!" என்று என் மாணவன் ஒருவன் ஒருநாள் கூறினான். அவன்மீது பிழையில்லை. அவ்வாறு எண்ணும்படி கற்பித்த எம்போன்ற ஆசிரியர் மீதே பிழை.

எழுத்துகளை வைத்து விளையாடுதல் தமிழுக்குப் புதிதன்று. தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் சித்திரகவிகளுக்கு இலக்கணம் வகுத்துள்ளது. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் வேறொரு செய்யுள் மறைந்திருப்பது கரந்துறைச் செய்யுள். எழுத்தை ஒவ்வொன்றாய் நீக்க நீக்க வெவ்வேறு சொற்கள் தோன்றுவது அக்கரச்சுதகம். ஒவ்வொன்றாய்ச் சேர்க்கச் சேர்க்கப் புதுச் சொற்கள் பிறப்பது எழுத்து வருத்தனம். முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியுள்ளார். இவற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாது விட்டோம்.

எனினும் விளையாட்டு மட்டும் போதுமா? நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர் 2015-ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வாகை சூடினார். அவருக்கோ பிரெஞ்சு மொழி பேசத் தெரியாது. சொற்பட்டியலை மனத்திற் பதித்தே வென்றார். பின்னர் 2024-இல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் அவ்வாறே வென்றார். அரிய ஆற்றல்தான். ஆயினும் அம்மொழி பேசும் மூதாட்டி ஒருவர் அருகில் அமர்ந்து தம் கதையைச் சொன்னால், அவ்வாற்றல் யாது செய்யும்?

அமெரிக்கத் தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியை நம்மில் அறியாதார் இலர். 1985-இல் பாலு நடராஜன் வென்றார். இந்திய வழிவந்தோருள் அப்போட்டியில் முதலில் வென்றவர் அவரே. 2019-இல் எண்மர் ஒருங்கே வெற்றி பெற்றபோது அவர்களுள் எழுவர் இந்திய வழியினர். போட்டியாளர், சொல்லின் பொருளையும் அது பிறந்த மொழியையும் நடுவரிடம் கேட்டறியலாம். கிரேக்க, இலத்தீன் வேர்களை அறிந்த பிள்ளை, தான் முன்பு கேளாத நெடுஞ்சொல்லையும் பிரித்துணர்ந்து எழுதிவிடும். 2021 முதல் மேடையிலேயே சொற்பொருள் வினாக்களும் சேர்க்கப்பட்டன. எழுத்துக்கூட்டலுக்கென்றே அமைந்த போட்டியும் பொருளின் இன்றியமையாமையை ஏற்றுக்கொண்டது.

நம் வகுப்புகளின் நிலை என்ன? நான் வன்னியில் ஆசிரியனாயிருந்தவன். போர் முடிந்த 2009-ஆம் ஆண்டின் பின் ஏதிலியாய் வெளியேறினேன். என்னுடன் வந்த நூல் ஒன்றேனும் இல்லை. நெஞ்சில் இருந்த சொற்களே வந்தன. ஆதலால் பிள்ளைகள் தமிழை ஒப்பிக்கக் கேட்டாலே உள்ளம் நிறைந்துவிடும். சென்ற ஆண்டு விழாவில் ஒரு சிறுமி பிழையேதுமின்றி ஒரு செய்யுளை ஒப்பித்தாள். அரங்கம் கைதட்டியது. கீழிறங்கி வந்தவள், "இதற்கு என்ன பொருள், ஐயா?" என்று மெல்லக் கேட்டாள். நான் தலைகுனிந்தேன்.

அதன்பின் ஒருநாள் கரும்பலகையில் க, ட, ப, ல், ம் என்னும் ஐந்து எழுத்துகளை எழுதி, இவற்றால் ஆகும் சொற்களைத் தேடுமாறு கூறினேன். கல், பல், கடல், பகல், படம் என அடுக்கினர். கபடம், கம்பம் என்பனவும் வந்தன. அதே சிறுமி எழுத்துகளை மாற்றி மாற்றி வைத்து, "கடகம் என்று ஒரு சொல் உண்டா?" என்றாள். வீட்டிற் கேட்டு வருமாறு பணித்தேன்.

மறுவாரம் தமிழகத்து மாணவன் ஒருவன் அஃது ஓர் இராசியின் பெயர் என்றான். அச்சிறுமியோ யாழ்ப்பாணத்திலுள்ள தன் அம்மம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருக்கிறாள். பனையோலையால் இழைக்கும் பெட்டியே கடகம் என்று தொடங்கிய அம்மம்மா, தாம் இளமையில் கடகம் இழைத்த கதையை அரை மணி நேரம் சொன்னாராம். "நலமா" என்பதற்கு மேல் அதுவரை அவர்கள் பேசியதில்லை என்று தாயார் கண்கலங்கக் கூறினார். ஐந்தெழுத்துகள் செய்த பணி இது.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் எழுத்துத் தேடலுக்கு ஒதுக்குவோம். சொல்லைக் கண்டால் ஒரு புள்ளி. அதன் பொருளை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து வாக்கியத்தில் அமைத்துப் பேசினால் மூன்று புள்ளிகள்.

பெற்றோர்க்கும் ஒன்று கூறுவேன். ஆங்கிலப் போட்டிக்குப் பயிற்சி என்று தமிழ் வகுப்பை ஓராண்டு நிறுத்திவிடாதீர்கள். சொல்லின் வேரைத் தேடும் பழக்கம் ஒரு மொழியில் வாய்த்தால் மற்றைய மொழிக்கும் துணைநிற்கும். போட்டியை அடுத்த ஆண்டும் எழுதலாம். கடகத்தின் பொருளைச் சொல்ல அடுத்த ஆண்டும் அம்மம்மா இருப்பார் என்பதற்கு உறுதி ஏது?

மாணவச் செல்வங்களே! இன்றிரவே ஐந்து எழுத்துகளை எடுத்துக்கொண்டு உங்கள் தாத்தா பாட்டியின் அருகில் அமருங்கள்.

வாழ்க தமிழ்!