எல்லைக்கல் நட்ட பிறகு

நம் திருத்தணி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது என்பதை நம்மில் பலர் அறிவர். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அங்கே போன ஊர் இது. ம.பொ.சி., மங்கலங்கிழார், கே. விநாயகம் முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியின் பயனாகப் படாஸ்கர் தீர்ப்பு வந்தது, திருத்தணி மீண்டது. பதிலுக்குச் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. ஊரை அலகாகக் கொள்வது, நிலத்தொடர்ச்சியையும் பெரும்பான்மையோர் மொழியையும் பார்ப்பது என்பதே படாஸ்கர் கொண்ட நெறி. நேர்மையான நெறிதான். ஆனால் ஓர் ஊரில் நூற்றுக்கு அறுபது பேர் தமிழர் என்றால், எஞ்சிய நாற்பது பேரின் மொழி என்ன ஆவது? எல்லைக்கல் இதற்கு விடை சொல்வதில்லை.

இதே கேள்வியோடுதான் இஸ்ரேலும் மல்லாடிக்கொண்டிருக்கிறது. அந்நாட்டைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் போர்ச் செய்திகளே. அதன் குடிமக்களுக்குள் நடக்கும் வழக்கை நம்மவர் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அங்கே குடிமக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அரபியர். 1948ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம், சமயம், இனம், பால் வேறுபாடின்றி எல்லோருக்கும் சம உரிமை என்று உறுதி கூறிற்று. எபிரேயத்தோடு அரபியும் ஆட்சிமொழியாக இருந்து வந்தது. 2018 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் 62க்கு 55 என்ற வாக்குக் கணக்கில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. இஸ்ரேல் யூத மக்களின் தேசிய நாடு. அதன் மொழி எபிரேயம். அரபிக்கு இனிச் 'சிறப்பு நிலை' மட்டும்!

யூதருக்கென்று உலகில் உள்ள நாடு இது ஒன்றே, அதை எழுதிவைத்தால் என்ன குற்றம் என்கின்றனர் சட்டத்தை ஆதரிப்போர். அரபிக்கு அதுவரை நடைமுறையில் இருந்த நிலையைச் சட்டம் குறைக்கவில்லை என்றும் காட்டுகின்றனர். பெரும்படுகொலைக்குத் தப்பிய மக்களின் அச்சத்தை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், பறிப்பது ஒன்றுமில்லையெனில் தாழ்த்துவது எதற்கு? இஸ்ரேல் படையில் கட்டாயச் சேவை புரியும் துரூசு மக்களே டெல் அவீவில் திரண்டு தங்கள் சமத்துவம் எங்கே என்று முறையிட்டனர். யூதர் பலரும் அவர்களோடு நின்றனர். 2021இல் உச்சநீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளில் பத்துப் பேர் சட்டம் செல்லும் என்றனர். மறுத்தவர் ஒருவரே, அம்மன்றத்தில் அப்போதிருந்த ஒரே அரபு நீதிபதி அவர்.

அங்குள்ள பகையும் குருதியும் இங்கே இல்லை. முருகன் அருளால் இல்லாமலே இருக்கட்டும். எனினும் வழக்கு இங்கும் உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழகப் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. தெலுங்கு, உருது முதலிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோர் நீதிமன்றம் சென்றனர். 2023இல் உச்சநீதிமன்றம் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்விலிருந்து அவர்களின் பிள்ளைகளுக்கு ஓராண்டு விலக்கு அளித்தது. இங்கே வாழ்வோர் தமிழ் கற்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதோடு தெலுங்கும் கற்க ஆசிரியரும் புத்தகமும் தருவது அரசின் கடமை. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லும் அரசியலமைப்பின் 350ஏ பிரிவு நமக்கும் உரியதுதானே? குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் இத்திருத்தணியில் பிறந்த தெலுங்கு வீட்டுப் பிள்ளை என்பதை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோமே!

சத்தியவேட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு ஆந்திர அரசிடம் நாம் என்ன கேட்போமோ, பள்ளிப்பட்டுத் தெலுங்குப் பிள்ளையின் தந்தை நம்மிடம் அதைத்தான் கேட்கிறார். நம் கல்லூரித் தமிழ்மன்றம் இதையே ஒரு பட்டிமன்றத் தலைப்பாக வைக்கலாம். தெலுங்கு பேசும் நண்பர்கள் ஓர் அணியிலும் நாம் மறு அணியிலும் என்று பிரிக்காமல், இரண்டு அணியிலும் இருவரும் கலந்து பேசவேண்டும் என்பது என் விருப்பம்.